முன்னோர் கேட்காத கேள்வி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் ஊர் கொள்ளாது. ஆடித் தபசு காண நெல்லைச் சீமையின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிவர். ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் சங்கரநாராயணர் காட்சி தரும் தலம் அது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள் வழக்கிட்டனர் என்றும், இருவரும் ஒருவரே என உணர்த்த வேண்டிக் கோமதியம்மை தவமிருந்தார் என்றும், அதற்கிரங்கி இறைவன் அவ்வுருவில் தோன்றினார் என்றும் தலக்கதை கூறும். அது நம் அண்டை வீட்டாரின் நம்பிக்கை. அதை ஆராய்வது நம் நோக்கமன்று. அயலாரின் வழிபாட்டை இழித்துரைப்பது நம் மார்க்கம் கற்பித்த பண்புமன்று.

நாம் பேச வந்தது, அவ்வூரில் வாழும் முஸ்லிம் சிறுவன் ஒருவன் தன் வீட்டுக்குச் சுமந்து வரும் கேள்வியைப் பற்றி. தறியொலி ஓயாத தெருவில் கூட விளையாடும் தோழன் கள்ளமின்றிக் கேட்டுவிடுகிறான்: “எங்க சாமி பாதி சிவன், பாதி பெருமாள். ஒங்க அல்லாவுக்கு என்ன உருவம்?” சிறுவன் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருகிறான்.

முன்னொரு காலத்தில் இக்கேள்விக்கு நம் வீடுகளில் ஒரே விடைதான் இருந்தது. பாட்டியார் பிள்ளையை மடியில் இருத்திக் ‘குல்ஹுவல்லாஹு அஹத்’ ஓதச் சொல்வார், பொருளை எடுத்துரைப்பார், அத்துடன் பிள்ளை நிறைவடைந்து விளையாடப் போய்விடும். இன்றோ நிலைமை வேறு. தந்தை, “அல்லாஹ்வுக்கு உருவம் கிடையாது” என்கிறார். மூத்த மகன், “உருவம் உண்டு, ஹதீஸில் இருக்கிறது” என்று குறுக்கிடுகிறான். “நீ வழிகெட்டவன்” என்கிறார் தந்தை. “நீங்கள் குர்ஆனை மறுக்கிறீர்கள்” என்கிறான் மகன். கேள்வி கேட்ட சிறுவனை இருவருமே மறந்துவிடுகின்றனர். தாய் பரிமாறிய சோறு ஆறிப் போகிறது.

இது கற்பனையா? தமிழகத்து முஸ்லிம் குடும்பங்கள் தத்தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். ‘அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா, இல்லையா’ என்பதையே தலைப்பாக எழுதி ஒட்டி, மேடை அமைத்து, இரு தரப்பும் நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு இம்மாநிலத்தில் விவாதம் நடத்தியிருக்கின்றன. அவை குறுந்தகடுகளாகப் பரவின. இன்று கைப்பேசியில் குழந்தைகளின் விரல் நுனிக்கே வந்து நிற்கின்றன. மல்யுத்தம் பார்க்கும் ஆர்வத்தோடு மக்கள் அவற்றைப் பார்க்கின்றனர். ‘யார் மடக்கினார்?’ என்பதே பேச்சு. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நடுக்கம் எவர் குரலிலும் கேட்கவில்லை.

அந்த இரு தரப்பாருக்கும் நாம் பணிவோடும் ஆனால் தெளிவோடும் சொல்ல விரும்புவது ஒன்றே. நீங்கள் வழக்காடும் கேள்வி முன்னோர்களான ஸலபுஸ் ஸாலிஹீன்கள் கேட்ட கேள்வியன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதைக் கற்பிக்கவில்லை. தோழர்கள் அதைக் கேட்கவில்லை. அடுத்து வந்த நல்லோர் அதை நம்பிக்கையின் உரைகல்லாக ஆக்கவில்லை. ‘உருவம் உண்டு’ என்பதும் அவர்களுடைய வாசகமன்று. ‘உருவம் இல்லை’ என்பதும் அவர்களுடைய வாசகமன்று. ஒரு தமிழ்ச் சொல்லை நடுவில் நட்டுவைத்து அதன் இரு புறமும் நின்று நாம் போரிடுகிறோம்.

அந்தச் சொல்லையே முதலில் ஆராய்வோம். ‘உருவம்’ என்பது வெறும் அகராதிச் சொல்லன்று. இம்மண்ணின் சமயத் தத்துவத்தில் ஆழ வேரூன்றிய சொல். இறைவனுக்கு உருவம், அருவம், அருவுருவம் என மூவகைத் திருமேனி உண்டென்பது சைவ சித்தாந்தம். மூர்த்தங்களை உருவம் என்றும், இலிங்கத்தை அருவுருவம் என்றும் அவர்கள் வகுப்பர். ஆகவே, தமிழன் காதில் ‘உருவம்’ என்ற சொல் விழும்போது அவன் மனக்கண்ணில் எழுவது என்ன? எல்லை உடையது, வடிக்கத்தக்கது, தேரில் ஏற்றி வலம் வரத்தக்கது. ‘அல்லாஹ்வுக்கு உருவம் உண்டு’ என்று நீங்கள் அவனிடம் சொன்னால், ‘எங்களைப் போலத்தான் நீங்களும், படத்தை மட்டும் மறைத்து வைத்திருக்கிறீர்கள்’ என்றே அவன் கொள்வான்.

‘இல்லை’ என்றால் தப்பித்தோமா? அதுவும் இல்லை. ‘உருவமற்றவன்’ என்றதும் பிள்ளை காற்றை நினைக்கிறது, வெட்டவெளியை நினைக்கிறது, ஒன்றுமில்லாததை நினைக்கிறது. சற்றே படித்தவனோ சித்தாந்தத்தின் ‘அருவ’த்தை நினைக்கிறான். திருமறையோ மறுமையில் சில முகங்கள் ஒளிர்ந்து தம் இறைவனை நோக்கியிருக்கும் என்று (75:22,23) நற்செய்தி கூறுகிறது. ‘உருவமற்ற’ என்ற ஒற்றைச் சொல்லை அடித்தளமாக்கிக் கொண்ட பிள்ளைக்கு அந்நற்செய்தியை எப்படி விளக்குவீர்கள்?

நம் பழைய ஆலிம்கள் இந்த இடர்ப்பாட்டை அறிந்திருந்தனர் என்றே எண்ணத் தோன்றுகிறது. அறபுத்தமிழில் மார்க்க நூல் எழுதிய காலத்தில் அவர்கள் ‘தாத்து’, ‘ஸிபத்து’, ‘குத்றத்து’ என்ற அரபுச் சொற்களையே தமிழ் வாக்கியத்தில் பதித்து வைத்தனர். மொழிப் பற்று இல்லாமையாலன்று. இச்சொற்களுக்கு ஈடான தமிழ்ச் சொல் கிடைத்தாலும் அது வேறோர் உலகத்தின் நிழலையும் உடன் கொண்டு வரும் என்ற எச்சரிக்கையால் என்க. நம் ஞானக் கவிஞர்கள் உரிமையோடு தமிழ்ச் சொற்களை ஆண்டனர் என்பது உண்மையே. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முஹம்மது அப்பா அவர்களின் பாடல்களே சான்று. ஆனால், அது அன்பின் மொழி, கவிதையின் மொழி. அகீதாவின் வரையறையைக் கவிதையிலிருந்து எடுப்பவனும் இல்லை. எடுத்தல் முறையும் அன்று.

இனி முன்னோரிடம் செல்வோம்.

நம் சிறுவனின் தோழன் கேட்ட கேள்வி புதிதன்று, மக்காவில் கேட்கப்பட்டதுதான். உம் இறைவனின் வமிசத்தைக் கூறுவீராக என்று இணைவைப்போர் நபிகள் நாயகத்தைக் கேட்டபோதே ‘இக்லாஸ்’ அத்தியாயம் அருளப்பெற்றது என்று உபை இப்னு கஅபு (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. கற்சிலையின் முன் நின்று கேட்டவர்களுக்கு அல்லாஹ் அளித்த விடை யாது? அவன் ஒருவன், எவரிடமும் தேவையற்றவன், எல்லோரும் தேவைக்காக நாடுபவன், பெற்றவனும் அல்லன், பெறப்பட்டவனும் அல்லன், அவனுக்கு நிகர் எவருமில்லை. இவ்வளவே. உருவம் உண்டென்றோ இல்லையென்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கேட்டவன் மனத்தில் இருந்த அளவுகோலை ஏற்றும் விடை சொல்லவில்லை, மறுத்தும் விடை சொல்லவில்லை. அளவுகோலையே மாற்றித் தந்தது திருமறை. நம் பாட்டியார் அறிந்தோ அறியாமலோ செய்தது இதைத்தான். மேடையில் முழங்குவோரைவிட அவர் ஸலபுகளுக்கு நெருக்கமாக இருந்தார் என்று சொன்னால் மிகையாமோ?

திருமறையின் 42ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் இப்பொருளில் தலைமையானது. அவனைப் போன்று எதுவுமில்லை என்று முற்பகுதியில் கூறிய அல்லாஹ், அதே மூச்சில் அவன் செவியேற்பவன், பார்ப்பவன் என்று பிற்பகுதியில் கூறுகிறான். முதல் பாதி ஒப்புமையைத் துண்டிக்கிறது. இரண்டாம் பாதி மறுப்பைத் துண்டிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்கள் முன்னோர். ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடியவர்களே குழப்பவாதிகள்.

அக்குழப்பம் ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே தலைதூக்கிற்று. ஹிஜ்ரி 128இல் (கி.பி. 746) கொல்லப்பட்ட ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் பண்புகளை மறுக்கும் கொள்கையைப் பரப்பினார். அதற்கு எதிர்க்கோடியில் நின்று படைப்புக்கு ஒப்பாகப் படைத்தவனை வருணித்தார் என்று முகாத்தில் இப்னு ஸுலைமான் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. கிழக்கிலிருந்து இரு தீய கருத்துகள் நம்மிடம் வந்தன என்று இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் இவ்விருவரையும் சேர்த்தே கண்டித்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒருவரைக் கண்டித்து மற்றவரை அணைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் நுஐம் இப்னு ஹம்மாத் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 228) இதனைத் தெளிவான நெறியாக்கினார். படைப்புக்கு அல்லாஹ்வை ஒப்பாக்குவது இறைமறுப்பு; அவன் தன்னைப் பற்றிக் கூறியதை மறுப்பதும் இறைமறுப்பு; அவனும் அவன் தூதரும் கூறியவற்றில் ஒப்புமை என்பதே இல்லை என்பது அவர் உரையின் சாரம்.

மதீனாவில் நடந்தது அனைவரும் அறிந்ததே. ரஹ்மான் அர்ஷின் மீது ‘இஸ்திவா’ கொண்டான் என்ற வசனத்தை (20:5) ஓதிக்காட்டி, அது எவ்வாறு என்று ஒருவர் இமாம் மாலிக் (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 179, கி.பி. 795) அவர்களிடம் கேட்டார். இமாமவர்கள் தலைகவிழ்ந்தார்கள். வியர்வை அவர்களை மூடிற்று. பிறகு தலை நிமிர்த்தி, இஸ்திவா அறியப்படாதது அன்று. எவ்வாறு என்பது அறிவுக்கு எட்டாது. அதை நம்புவது கடமை. அதைப் பற்றி இப்படி வினவுவது நூதனம் என்ற கருத்துப்பட விடையளித்து, கேட்டவரை அவையிலிருந்து வெளியேற்றச் செய்தார்கள். அவர்களின் ஆசிரியர் ரபீஆ (ரஹ்) அவர்களிடமிருந்தும் இதே போன்ற விடை அறிவிக்கப்படுகிறது.

வாசகர்களே, அந்த வியர்வையை எண்ணிப் பாருங்கள்! ஹதீஸ் கலையின் பேராசான், தமக்குத் தெரிந்த வசனத்தைப் பற்றிக் கேட்கப்பட்டபோது வியர்த்துப் போனார். நம் பேச்சாளர்களோ ஒலிபெருக்கியின் முன் மணிக்கணக்கில் பேசுகின்றனர். நெற்றியில் வியர்வை துளிர்த்தாலும் அது விளக்கொளியின் வெப்பத்தால்தான்.

இமாம்கள் அவ்ஸாயீ, ஸுப்யானுத் தவ்ரீ, லைத் இப்னு ஸஅது, மாலிக் (ரஹ்) ஆகிய நால்வரிடமும் பண்புகள் பற்றிய ஹதீஸ்களைக் குறித்து வலீத் இப்னு முஸ்லிம் வினவினார். அவை வந்தவாறே ‘எவ்வாறு’ என்பதின்றி நடத்துங்கள் என்பதே நால்வரின் விடையும். ஷாம், கூபா, எகிப்து, மதீனா எனத் தொலைதூர ஊர்களில் வாழ்ந்த நால்வர் ஒரே குரலில் பேசினர் என்றால், அது அந்தத் தலைமுறையின் பொதுக் குரல் என்பதில் ஐயமென்ன?

இங்கு ஒருவர் எழுந்து கேட்கலாம்: “முன்னோர்கள் பொருளை அறிந்து ‘எவ்வாறு’ என்பதை மட்டும் அல்லாஹ்விடம் ஒப்படைத்தனரா? அல்லது பொருளையும் சேர்த்தே ஒப்படைத்தனரா?” இது அறிஞர்களுக்கிடையே உள்ள உண்மையான கருத்து வேறுபாடுதான். அரபு இலக்கணமும் ஹதீஸ் கலையும் துறைபோகக் கற்றோர் தம் அவையில் அதைப் பேசட்டும். ஆனால் இரு சாராரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு: வந்த சொல்லை முன்னோர்கள் மறுக்கவும் இல்லை, வராத சொல்லை இட்டு நிரப்பவும் இல்லை. நம் வழக்கு எழுந்திருப்பதோ அந்த வராத சொல்லின் மீதுதான்.

‘வந்த சொல்’ என்பதில் மொழிபெயர்ப்பும் அடங்கும் என்பதை நம்மில் பலர் சிந்திப்பதில்லை. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களுக்கு உரியதாகக் கூறப்படும் ‘அல்ஃபிக்ஹுல் அக்பர்’ என்னும் சிறு நூலில் வியக்கத்தக்க ஒரு குறிப்பு இருக்கிறது. அல்லாஹ்வின் பண்புகளைப் பார்ஸி மொழியில் கூறலாம்; ஆனால் ‘யத்’ என்பதைப் பார்ஸியில் பெயர்த்துக் கூறக் கூடாது என்பது அதன் கருத்து. அதே நூல், ‘யத்’ என்றால் ஆற்றல் என்று பொருள் மாற்றுவதையும் மறுக்கிறது. அது பண்பை இல்லாமலாக்குவதாகும் என்கிறது. சொல்லையும் மறுக்காதே, சொல்லின் மேல் இன்னொரு மொழியின் உடலையும் போர்த்தாதே! பார்ஸிக்கே இந்த எச்சரிக்கை என்றால், தமிழுக்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்?

‘இஸ்திவா’வையே எடுத்துக்கொள்வோம். அர்ஷைக் குறித்து இச்சொல் திருமறையில் ஏழு இடங்களில் வருகிறது. நூஹ் நபியின் மரக்கலம் ஜூதி மலை மீது தங்கியதற்கும் (11:44), பயிர் தன் தண்டின் மீது நிலைத்து நிற்பதற்கும் (48:29), மூஸா நபி முதிர்ச்சி அடைந்ததற்கும் (28:14) அதே வினை ஆளப்பட்டிருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளைப் புரட்டினால் ஒன்றில் ‘அமைந்தான்’ என்றும், ஒன்றில் ‘உயர்ந்தான்’ என்றும், ஒன்றில் ‘அமர்ந்தான்’ என்றும், ஒன்றில் ‘ஆட்சியை அமைத்தான்’ என்றும் காண்கிறோம். ‘அமர்ந்தான்’ என்று படித்தவன் மனத்தில் நாற்காலி தோன்றுகிறது. ‘ஆட்சியை அமைத்தான்’ என்று படித்தவனோ, அதற்கு முன் ஆட்சி எவரிடம் இருந்தது என்று கேட்கிறான். ‘இஸ்தவ்லா’, அதாவது கைப்பற்றினான் என்று பொருள் கூறியவர்களை மறுத்த மொழியறிஞர் இப்னுல் அஃராபி (மறைவு ஹிஜ்ரி 231), எதிராளி ஒருவன் இருந்து அவனை வென்றால்தான் அச்சொல் பொருந்தும் என்று எடுத்துக்காட்டினாரே, அதே இடர்தான் இங்கும். மொழிபெயர்த்த பெருமக்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் உழைப்பின்றி நம் வீடுகளில் திருமறையின் பொருள் புகுந்திராது. ஆனால், அவர்கள் தேர்ந்தெடுத்த தமிழ்ச் சொல்லையே வஹீயாகக் கொண்டு அதன் மீது இன்னொரு மாடி கட்டுகிறோமே, அந்தத் தவறு நம்முடையது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. நம் மதரஸாக்கள் தலைமேல் வைத்துப் போற்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைவதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதி முடித்த ‘இல்ஜாமுல் அவாம்’ என்னும் நூலில் இதையே வலியுறுத்துகிறார்கள். கலாம் எனும் தர்க்க சாஸ்திரத்திலிருந்து பொதுமக்களைக் கடிவாளமிட்டுத் தடுத்தல் என்பது நூற்பெயரின் பொருள். முன்னோர்களின் வழியே உண்மை என்று கூறும் அந்நூல், இத்தகைய வசனங்களைச் செவியுறும் பொதுமக்களுக்கு ஏழு கடமைகளை வகுக்கிறது. அல்லாஹ்வை உடலியல்புகளிலிருந்து தூய்மைப்படுத்தல், வந்ததை மெய்யென நம்புதல், தன் இயலாமையை ஒப்புதல், வினவாதிருத்தல், வந்த சொற்களில் கை வைக்காதிருத்தல், உள்ளத்தையும் அதைத் துருவாது தடுத்தல், அறிந்தோர்க்கு விட்டுவிடுதல் என்பன அவை.

சொற்களில் கை வைக்காதிருத்தல் என்பதன் விளக்கத்தில் இரண்டு செய்திகள் நமக்கென்றே எழுதப்பட்டவை போல் இருக்கின்றன. ஒன்று, அச்சொற்களைப் பார்ஸி, துருக்கி முதலிய வேற்றுமொழிச் சொற்களால் மாற்றக் கூடாது. எல்லா அரபுச் சொல்லுக்கும் சரிநிகரான சொல் பிற மொழியில் இல்லை. இதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, அதே ‘இஸ்திவா’! மற்றொன்று, பல்வேறு வேளைகளில் பல்வேறு இடங்களில் கூறப்பட்டவற்றை ஓரிடத்தில் தொகுத்து அடுக்கக் கூடாது. தனித்தனியே கேட்கும்போது தோன்றாத ஒப்புமை, வரிசையாக அடுக்கும்போது கேட்பவன் உள்ளத்தில் எழுந்துவிடும். நம் துண்டுப் பிரசுரங்களைப் பாருங்கள். கை என்று ஒரு தலைப்பு. கண் என்று ஒரு தலைப்பு. விரல், பாதம் என்று மேலும் தலைப்புகள். கடைசியில், ‘ஆகவே உருவம் உண்டு’ என்று முடிவுரை. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இமாமவர்கள் விரல் நீட்டிச் சுட்டிய பிழையன்றோ இது?

கஸ்ஸாலியை மேற்கோள் காட்டினால் ஒரு சாரார் முகம் சுளிப்பர். அவர்கள் பெரிதும் மதிக்கும் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) (ஹிஜ்ரி 661-728) அவர்களிடமே செல்வோம். திருமறையிலும் நபிமொழியிலும் இடம்பெறாத ‘ஜிஸ்மு’ போன்ற சொற்களைப் பொத்தாம் பொதுவாக உண்டென்றும் சொல்லாதே, இல்லையென்றும் சொல்லாதே. சொல்பவன் எப்பொருளில் சொல்கிறான் என்று முதலில் கேள். சரியான பொருளென்றால் பொருளை ஏற்று, வஹீயின் சொல்லால் அதைச் சொல் என்பது அவர்கள் மீண்டும் மீண்டும் எழுதிய நெறி. எனவே, ‘உருவம்’ என்னும் தமிழ்ச் சொல்லைக் கொடியில் எழுதிப் பிடிப்பவர் இப்னு தைமிய்யாவின் பாசறையிலும் இல்லை. அதன் மறுப்பைக் கொடியில் எழுதிப் பிடிப்பவர் கஸ்ஸாலியின் கடிவாளத்துக்குள்ளும் இல்லை. இருவரும் அவரவர் இமாமையே மீறி நிற்கின்றனர்.

“ஹதீஸில் ‘ஸூரத்’ என்ற சொல் வந்திருக்கிறதே!” என்பர். ஆம், வந்திருக்கிறது. ஆதம் நபியைப் படைத்தது பற்றியும், மறுமை நாள் காட்சி பற்றியும் வரும் ஆதாரமான நபிமொழிகளில் இருக்கிறது. வந்த சொல்லை வந்தவாறே ஓதுங்கள், யார் தடுத்தார்? ஆதம் நபி பற்றிய ஹதீஸில் உள்ள ‘அவனது’ என்ற சுட்டு யாரைக் குறிக்கிறது என்பதிலேயே அறிஞர்கள் வேறுபட்டனர். பண்புகளை உறுதிப்படுத்துவதற்கென்றே நூல் எழுதிய இப்னு குஸைமா (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 311) அவர்களே அச்சுட்டு அல்லாஹ்வைக் குறிப்பதன்று என்றார்கள். வேறு பெரியோர்கள் அதை ஏற்கவில்லை. அதற்காக அவர்களை எவரும் பள்ளிவாசலை விட்டு விரட்டவில்லை. இத்துணை நுட்பம் பொதிந்த ஒரு சொல்லை, மூர்த்தங்களுக்கு வழங்கும் ஒரு தமிழ்ச் சொல்லால் பெயர்த்து, அதை ஈமானின் எல்லைக்கோடாக வரைவது எந்த ஸலபின் வழி?

“அப்படியானால் மௌனமே மார்க்கமா? அறியாமைக்கு இது ஒரு போர்வையா?” என்றும் கேட்பர். இல்லை. முன்னோர்கள் ஊமைகளாக இருக்கவில்லை. இரவின் இறுதி மூன்றில் ஒரு பகுதியில் இறைவன் கீழ்வானுக்கு இறங்குகிறான் என்ற நபிமொழியை (புகாரீ, முஸ்லிம்) அவர்கள் மக்களுக்கு அறிவித்தனர், மறைக்கவில்லை. எப்படி இறங்குவான் என்று அவர்கள் மேடை அமைக்கவில்லை. அந்த வேளையில் எழுந்து நின்று அழுது தொழுதனர். அந்த நபிமொழியின் எஞ்சிய பகுதி அதைத்தானே கூறுகிறது? கேட்பவர் உண்டா, நான் கொடுக்க. மன்னிப்புக் கோருபவர் உண்டா, நான் மன்னிக்க என்னும் கருத்தன்றோ அதன் உயிர்? ‘இறங்குதல்’ குறித்து நள்ளிரவு வரை வாதாடிக் களைத்து, அந்த இறுதி வேளையில் உறங்கிப் போகும் நம்மைப் பார்த்து முன்னோர்கள் என்ன சொல்வர்?

ஆடு மேய்த்த அடிமைப் பெண்ணை அண்ணலார் (ஸல்) அவர்கள் சோதித்த நிகழ்ச்சி முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அல்லாஹ் எங்கே என்று கேட்டார்கள், வானில் என்றாள். நான் யார் என்று கேட்டார்கள்; அல்லாஹ்வின் தூதர் என்றாள். அவள் நம்பிக்கையுள்ள பெண், விடுதலை செய்துவிடு என்றார்கள். இரண்டே கேள்விகள். குறுக்கு விசாரணை இல்லை. அவ்விடையிலிருந்து எத்தனையோ முடிவுகளை நாம் இழுத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணலார் காட்டிய அந்த எளிமையையும் கருணையையும் மட்டும் விட்டுவிட்டோம்.

இறுதியாக, நமக்கு அச்சமூட்டும் ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) கலீபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற வாசகத்தை ஆலிம்கள் ஒப்ப வேண்டும் என்று ஆணையிட்டார். ஒப்பாதவர் வதைக்கப்பட்டனர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறைப்பட்டார்கள். முஃதஸிமின் காலத்தில் கசையடி பெற்றார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: அல்லாஹ்வின் வேதத்திலிருந்தோ அவன் தூதரின் வழிமுறையிலிருந்தோ எனக்கு ஏதேனும் ஆதாரம் காட்டுங்கள்! வேதத்தில் இல்லாத ஒரு வாசகத்தைச் சொல்லும்படி எவரையும் நெருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த முதுகு பிளந்தது.

இன்று நம் கையில் கசை இல்லை. ஆனால், ‘உருவம் உண்டென்று சொல்’ என்றும், ‘இல்லையென்று சொல்’ என்றும் நெருக்குகிறோம். சொல்லாதவன் பின்னே தொழ மறுக்கிறோம். ஸலாமுக்குப் பதிலுரைக்கத் தயங்குகிறோம். சம்பந்தம் பேச வந்த வீட்டில் பெண்ணின் குணத்தைக் கேட்பதற்கு முன் இக்கேள்வியைக் கேட்கிறோம். மையித்தின் முன்னால் நின்றுகொண்டுகூடக் கட்சி பார்க்கிறோம். ஊர்நீக்கம் என்ற சொல்லும், ஒரே தெருவில் இரண்டாவது பள்ளிவாசல் என்ற காட்சியும் தமிழக முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. அவற்றுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால், அல்லாஹ்வின் பண்புகளும் அக்காரணங்களில் ஒன்றாயின என்பதைவிட வெட்கம் வேறுண்டா? அன்பின் ஊற்றான அர்ரஹ்மானின் பெயரால் அண்ணன் தம்பியோடு பேசாதிருக்கிறான்!

வீடுகளில் என்ன செய்யலாம்? பிள்ளைகளுக்கு அவனுடைய அழகிய திருநாமங்களைக் கற்பியுங்கள். அவற்றைக் கொண்டு அவனை அழையுங்கள் என்றுதான் திருமறை (7:180) பணிக்கிறது; அவற்றைக் கொண்டு சண்டையிடுங்கள் என்று பணிக்கவில்லை. மக்தபில் இருபது ஸிபத்துகளை மனனம் செய்த பெற்றோர், ஹிஜ்ரி 895இல் மறைந்த இமாம் ஸனூஸியின் நூல் வழியே நம் நாடுவரை வந்த அந்தப் பாடத்தில், அவன் படைப்புகளுக்கு மாறுபட்டவன் என்பதும் ஒரு ஸிபத்து என்று நினைவுகூரட்டும். அதைக் குறைகூறும் இளைஞரும், திருமறை கூறிய எப்பண்பையும் தம் தந்தை மறுப்பவரல்லர் என்று நல்லெண்ணம் கொள்ளட்டும். இருவரும் சேர்ந்து அவன் செவியுறுகிறான் என்பதைத் தம் நாவை அடக்குவதில் காட்டட்டும். அவன் பார்க்கிறான் என்பதைத் தம் தராசில் காட்டட்டும். அவன் அருகில் இருக்கிறான் என்பதை (2:186) தம் துஆவில் காட்டட்டும். பண்புகளை நம்புவதன் பயன் அதுவே.

சங்கரன்கோவில் சிறுவனுக்கும் விடை சொல்லியாக வேண்டும். தந்தையே, அவனை அருகில் அழையுங்கள். “மகனே, உன் தோழன் கேட்டதை மக்காவிலும் கேட்டார்கள். அல்லாஹ்வே விடை சொல்லிவிட்டான்” என்று கூறி அந்த நான்கு வசனங்களை ஓதிக் காட்டுங்கள். அவன் நம்மைப் பார்க்கிறான், நாம் பேசுவதைக் கேட்கிறான், அவனைப் போன்று எதுவுமில்லை, நாம் நல்லவர்களாக வாழ்ந்தால் மறுமையில் அவனைக் காண்போம் என்று சொல்லுங்கள். “எப்படி இருப்பான்?” என்று அவன் மீண்டும் கேட்டால், “எனக்குத் தெரியாது, மகனே! அவன் நமக்குச் சொல்லவில்லை” என்று தயங்காமல் சொல்லுங்கள். தந்தை ‘தெரியாது’ என்று சொல்வதால் பிள்ளையின் ஈமான் குறைந்துவிடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசக் கேட்டுத்தான் குறையும். மூத்த மகனும் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும். சோறு ஆறுவதற்குள் எல்லோரும் ஒரே தட்டைச் சூழ்ந்து அமருங்கள்.

வல்ல அல்லாஹ், அவன் தன்னை எவ்வாறு அறிவித்தானோ அவ்வாறே அவனை நம்பி, அறிவிக்காத இடத்தில் நாவை அடக்கி வாழும் நற்பேற்றை நம் குடும்பங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.